பிள்ளை மழலையர் பள்ளியில் சேரும்போது பராமரிப்பாளரின் வேலை நேரத்தைக் குறைப்பது எப்படி?

எங்கள் மகளுக்கு மூன்று வயது நிறைந்தபோது, வாரத்தில் மூன்று நாள் காலையில் மட்டும் நடக்கும் மழலையர் பள்ளி ஒன்றில் அவளைச் சேர்த்தோம். அதுவரை திங்கள் முதல் வெள்ளி வரை நாள் முழுதும் அவளைப் பார்த்துக்கொண்டவரை நாங்கள் அக்கா என்றுதான் அழைப்போம். அவருடைய வேலை நேரத்தைக் குறைக்க வேண்டியிருக்கும் என்று தெரிந்தும், எப்படிச் சொல்வது என்று தயங்கி, சேர்க்கைக் கட்டணம் கட்டிய பிறகும் மூன்று வாரங்களை ஓட்டிவிட்டோம். ஒரு மாலை அவர் காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தார். மகள் ஓடிப்போய், "நான் ஸ்கூலுக்குப் போகப்போறேன், நீங்க இனிமே வர வேணாமாம்" என்று சொல்லிவிட்டாள். அக்கா கையிலிருந்த சின்னச் சட்டையின் இரு கைகளையும் உள்ளே மடக்கி, நீவி, அடுக்கின் மேல் வைத்துவிட்டு, "அப்படியா கண்ணு" என்று மட்டும் சொன்னார். என்னை அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை.

வேலை போகப்போவதில்லை, நேரம்தான் சற்றுக் குறையும் என்று பிறகு நாங்கள் எவ்வளவு விளக்கியும், அந்த மாலையில் போன நம்பிக்கை திரும்பி வரப் பல வாரங்கள் ஆயின. அதன் பிறகும் கணக்கில் தவறினோம், கடிதத்தில் தவறினோம், பள்ளி வாசலிலும் தவறினோம். அந்தத் தவறுகள் உங்கள் வீட்டில் நேராமல் இருப்பதற்காக, செய்ய வேண்டியவற்றை வரிசைப்படி எழுதுகிறேன். ஊருக்கு ஊர் பெயர் மாறும் என்பதால், பிள்ளையைப் பார்த்துக்கொள்பவரைப் பராமரிப்பாளர் என்றே குறிப்பிடுகிறேன். பள்ளி தொடங்கும் நாளுக்கு 12 வாரங்கள் முன்பே முதல் படியைத் தொடங்கிவிட்டால், எதையும் அவசரமாகச் செய்ய வேண்டியிருக்காது.

1. பள்ளி நேரத்தை வீட்டு நேரமாக மாற்றி எழுதுங்கள் (12 வாரங்கள் முன்பு)

பள்ளி 3 மணி நேரம் நடக்கிறது என்பதால் அந்த 3 மணி நேரம் பராமரிப்பாளர் தேவையில்லை என்று ஆகிவிடாது. காலையில் பிள்ளையைக் கிளப்புவது யார், பள்ளி வரை கொண்டு விடுவது யார், வாசல் எத்தனை மணிக்குத் திறந்து எத்தனை மணிக்குச் சாத்தப்படும், போக வர எவ்வளவு நேரம் பிடிக்கும், திரும்ப அழைத்து வருவது யார், வந்த பிறகு சாப்பாடும் தூக்கமும் யார் பொறுப்பு என்பதையெல்லாம் ஒரு தாளில் வார நாட்கள் ஐந்துக்கும் தனித்தனியாக எழுதுங்கள். பள்ளி 9 மணிக்குத் தொடங்கி 12 மணிக்கு விடுகிறது, நீங்கள் 8 மணிக்கே வேலைக்குக் கிளம்ப வேண்டும் என்றால், அந்த நாளில் காலை 8 மணிக்கும் ஆள் வேண்டும், 12 மணிக்கும் ஆள் வேண்டும். பள்ளிக்குப் போக வர ஆகும் நேரத்தைக் கழித்தால், இடையில் கிடைப்பது இரண்டரை மணி நேர இடைவெளி மட்டுமே. அந்த நேரத்தில் பராமரிப்பாளர் தம் வீட்டுக்குப் போய்த் திரும்பவும் முடியாது, வேறு வேலைக்குப் போகவும் முடியாது. அந்த இடைவெளிக்கு ஊதியத்தைப் பிடிப்பதுதான் பலரும் முதலில் செய்யும் தவறு. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

அதே வாரத்தில் பள்ளியிடம் ஆண்டு நாட்காட்டியைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். விடுமுறை வாரங்களோடு, ஆசிரியர்களுக்கான பயிற்சி நாட்கள், சீக்கிரம் விடும் நாட்கள், புதிய பிள்ளைகளைப் பழக்கப்படுத்தும் நாட்களின் நேரம், தாமதமாக அழைக்க வந்தால் கட்ட வேண்டிய கூடுதல் கட்டணம், உடல்நலமில்லாத பிள்ளையை எப்போது வர வேண்டாம் என்பார்கள், எப்போது திரும்பச் சேர்த்துக்கொள்வார்கள் என்ற விதி, இவை அனைத்தையும் எழுத்தில் கேளுங்கள். பின்னால் வரும் எல்லாக் கணக்குக்கும் இதுவே அடிப்படை.

2. ஒப்பந்தத்தையும் சட்டத்தையும் பாருங்கள் (11 வாரங்கள் முன்பு)

எழுதிய ஒப்பந்தம் இருந்தால் எடுத்து, வேலை நேரம், ஊதியம், நிபந்தனைகளை மாற்றுவது, முன்னறிவிப்பு ஆகிய பிரிவுகளை வரி வரியாகப் படியுங்கள். "வாரத்துக்கு இத்தனை மணி நேரத்துக்குக் குறையாமல் ஊதியம்" என்ற உறுதி அதில் இருந்தால், நீங்களாக நினைத்து நேரத்தைக் குறைக்க முடியாது. எழுதிய ஒப்பந்தமே இல்லையென்றால், நடைமுறையில் இதுவரை கொடுத்துவந்த நேரமும் ஊதியமும்தான் ஒப்பந்தம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். அதைத் தேதியிட்டு ஒரு பக்கத்தில் எழுதி, இருவரும் கையெழுத்திட்ட பிறகே மாற்றத்தைப் பற்றிப் பேசத் தொடங்குங்கள்.

சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2011ஆம் ஆண்டில் நிறைவேற்றிய, வீட்டுப் பணியாளர்களுக்கான 189ஆம் எண் உடன்படிக்கை, வேலை நேரம், ஊதியம், அதைக் கணக்கிடும் முறை, வார ஓய்வு, வேலையை முடிப்பதற்கான முன்னறிவிப்பு ஆகியவற்றைப் பணியாளருக்குப் புரியும் வகையில், முடிந்தவரை எழுத்து ஒப்பந்தமாகவே தெரிவிக்க வேண்டும் என்கிறது. வாரத்துக்குத் தொடர்ந்து 24 மணி நேரமாவது ஓய்வு, மாதத்துக்கு ஒரு முறையாவது ஊதியம் என்பதும் அதில் உண்டு. பகுதி நேர வேலை பற்றி 1994இல் வந்த 175ஆம் எண் உடன்படிக்கை, முழு நேரத்திலிருந்து பகுதி நேரத்துக்கு மாறுவது பணியாளரின் விருப்பத்தோடு நடக்க வேண்டும் என்கிறது. உங்கள் நாட்டுச் சட்டம் இவற்றை எந்த அளவுக்கு ஏற்றிருக்கிறது என்பது இடத்துக்கு இடம் மாறும். ஆயினும், ஒரு வீட்டில் நேர்மையாக நடந்துகொள்ள இவற்றைவிடத் தெளிவான அளவுகோலை நான் பார்க்கவில்லை.

உங்கள் பகுதியின் தொழிலாளர் துறையிடமோ, இத்துறை தெரிந்த வழக்கறிஞரிடமோ கீழ்க்கண்ட நான்கு கேள்விகளைக் கேளுங்கள்.

- நேரத்தைப் பெருமளவு குறைப்பது, வேலையிலிருந்து நீக்கியதற்குச் சமமாகக் கருதப்படுமா? அப்படியானால் இழப்பீடு உண்டா?
- மருத்துவக் காப்பீடு, ஓய்வூதியம் போன்ற சமூகப் பாதுகாப்புக்குக் குறைந்தபட்ச வேலை நேரமோ ஊதியமோ வரையறுக்கப்பட்டுள்ளதா? புதிய நேரம் அதற்குக் கீழே போகுமா?
- பணி முடியும்போது தர வேண்டிய தொகை, கடைசியாகப் பெற்ற ஊதியத்தை வைத்துக் கணக்கிடப்படுமா?
- பராமரிப்பாளர் வேறு நாட்டிலிருந்து வேலை அனுமதி பெற்று வந்தவர் என்றால், அந்த அனுமதியில் முழு நேர வேலை அல்லது குறைந்தபட்ச ஊதியம் நிபந்தனையாக உள்ளதா?

மூன்றாவது கேள்வி பலரின் கவனத்துக்கு வருவதில்லை. கடைசி ஊதியத்தை வைத்துக் கணக்கிடும் இடங்களில், இன்று நீங்கள் நேரத்தைக் குறைத்தால், முழு நேரமாக அவர் உழைத்த முந்தைய ஆண்டுகளுக்குச் சேர வேண்டிய தொகையும் சேர்ந்தே குறைந்துவிடும். அப்படி நேராமல் இருக்க, மாற்றம் நடைமுறைக்கு வரும் தேதி வரையிலான தொகையைப் பழைய ஊதியத்தில் கணக்கிட்டு, கொடுத்துவிடுங்கள் அல்லது கடிதத்தில் தொகையாகவே எழுதி வையுங்கள். நான்காவது கேள்விக்கு ஆம் என்பது பதிலானால், நீங்கள் சாதாரணமாகச் செய்யும் ஒரு மாற்றம் அவருடைய தங்கும் உரிமையையே பாதிக்கலாம். தெளிவான பதில் கையில் வரும்வரை ஒரு மணி நேரம்கூடக் குறைக்காதீர்கள்.

3. அவருடைய பக்கத்திலிருந்து கணக்குப் போடுங்கள் (10 வாரங்கள் முன்பு)

எங்கள் வீட்டு நேரத்தையே எடுத்துக்காட்டாகத் தருகிறேன். ஊதியத்தை மட்டும் கணக்குக்கு எளிதாக, மணிக்கு 100 என்று வைத்துக்கொள்கிறேன். உங்கள் பணத்தில், உங்கள் தொகையில் போட்டுப் பாருங்கள்.

முன்பு திங்கள் முதல் வெள்ளி வரை காலை 8.30 முதல் மாலை 5.30 வரை, நாளுக்கு 9 மணி நேரம், வாரத்துக்கு 45 மணி நேரம். வார ஊதியம் 4,500. அவர் வந்து போகும் செலவு நாளுக்கு 40 என்றால் வாரத்துக்கு 200 போக, கையில் நிற்பது 4,300. பள்ளி திங்கள், புதன், வெள்ளி காலை 9 முதல் 12 வரை.

நாங்கள் முதலில் யோசித்த ஏற்பாடு இது: பள்ளி நாட்களில் நாங்களே மகளைக் கொண்டு விடுவது, பராமரிப்பாளர் 11.45க்கு நேராகப் பள்ளிக்கு வந்து அவளை அழைத்துக்கொள்வது. அப்போது பள்ளி நாள் ஒன்றுக்கு ஐந்தே முக்கால் மணி நேரம், மற்ற இரண்டு நாட்களும் முழு நேரம், ஆக வாரத்துக்கு 35.25 மணி நேரம். ஊதியம் 3,525. ஆனால் அவர் வாரத்தில் ஐந்து நாளும் கிளம்பி வரத்தான் வேண்டும், பயணச் செலவு அதே 200. கையில் நிற்பது 3,325. மூன்று காலைப்பொழுதுகள் அவருக்குத் தனியே கிடைத்தாலும், நடுப்பகலுக்கு முன் முடிந்துவிடும் வேலை எங்கே கிடைக்கும்?

பிறகு செய்த ஏற்பாட்டில், திங்கள் முதல் வியாழன் வரை பழைய நேரமே தொடர்ந்தது. வெள்ளிக்கிழமை முழுதும் அவருக்கு விடுதலை. வாரத்துக்கு 36 மணி நேரம், ஊதியம் 3,600, பயணம் 160, கையில் நிற்பது 3,440. முதல் ஏற்பாட்டைவிட எங்களுக்கு வாரத்துக்குக் கூடுதலாகும் செலவு 75 மட்டுமே. அவருக்கோ முழுதாக ஒரு நாள் கையில் கிடைத்தது. அந்த நாளில் இன்னொரு வீட்டில் வேலை பார்த்து, குறைந்ததை அவர் ஈடுகட்டிக்கொண்டார். இதில் எங்கள் பங்குக்கு ஒரு சுமையும் உண்டு. வெள்ளிக்கிழமை 12 மணிக்குப் பிறகு மகளைப் பார்த்துக்கொள்ள நாங்கள் இருவரும் மாறி மாறி அரை நாள் வேலையைச் சரிசெய்ய வேண்டியிருந்தது. உங்கள் அலுவலகம் அதற்கு இடம் கொடுக்குமா என்பதை இந்தக் கட்டத்திலேயே கேட்டுவிடுங்கள்.

நேரத்தைக் குறைத்தே ஆக வேண்டுமென்றால், ஆங்காங்கே கிள்ளி எடுக்காமல் ஒரு முழு நாளாகக் குறையுங்கள் என்பதே என் உறுதியான கருத்து. முழு நாள் முடியாவிட்டால், தொடர்ந்து வரும் அரை நாளாவது அவர் கையில் மொத்தமாக நிற்க வேண்டும்.

மாத ஊதியம் கொடுப்பவர்கள் விழும் பள்ளம் ஒன்று உண்டு. மாதத்துக்கு 4 வாரம் என்று பெருக்கினால் 36 மணி நேரத்துக்கு 144 மணி நேரம்தான் வரும். ஆண்டுக்கு 52 வாரம், அதை 12ஆல் வகுத்துப் பார்த்தால் சரியான கணக்கு மாதத்துக்கு 156 மணி நேரம். அந்த 12 மணி நேரம் மாதாமாதம் அவருக்கு நட்டமாகப் போகும். பழைய 45 மணி நேரத்துக்கு மாதக் கணக்கு 195. ஆக, மாத ஊதியம் 19,500 என்பது 15,600 ஆகும்.

உங்களுக்கு மிச்சமாகும் தொகையையும் மிகையாகக் கணக்கிட்டுவிடாதீர்கள். வாரம் 9 மணி நேரம் என்று 52 வாரத்துக்குப் பெருக்கினால் 46,800 மிச்சம் என்று தோன்றும். பள்ளி ஆண்டில் 40 வாரம்தான் திறந்திருக்கிறது, மீதி 12 வாரமும் வெள்ளிக்கிழமைக்கு ஆள் வேண்டும் என்றால், உண்மையில் மிச்சம் 36,000. அதிலிருந்துதான் பள்ளிக் கட்டணம், சேர்க்கைக் கட்டணம், சீருடை, பை, பயணம், தாமதக் கட்டணம் எல்லாம் போக வேண்டும். சில வீடுகளில் எதுவுமே மிஞ்சாது. அப்படி வந்தால், பிள்ளை மற்றப் பிள்ளைகளோடு பழகுவதற்காகவே பள்ளி என்று வைத்துக்கொண்டு, பராமரிப்பாளரின் நேரத்தைத் தொடாமலேயே விட்டுவிடுவது நல்லது. பிள்ளை பள்ளியில் இருக்கும் நேரத்தில் பிள்ளையின் துணி, சாப்பாடு, விளையாட்டுப் பொருட்கள் தொடர்பான வேலைகளைப் பார்க்க அவர் சம்மதிக்கலாம். வீடு முழுவதையும் கூட்டித் துடைக்கும் பொறுப்பை அவரைக் கேட்காமல் அவர் தலையில் கட்டுவது கூடாது. அது வேறு வேலை, அதற்கு ஊதியமும் வேறு.

4. பிள்ளைக்குத் தெரிவதற்கு முன் அவரிடம் சொல்லுங்கள் (8 முதல் 10 வாரங்கள் முன்பு)

சேர்க்கைக் கட்டணத்தைக் கட்டுவதற்கு முன்பே, பிள்ளை தூங்கும் நேரத்திலோ பிள்ளையை வேறொருவர் வெளியே அழைத்துப் போயிருக்கும் நேரத்திலோ, உட்கார்ந்து பேசுங்கள். வாசலில் அவர் கிளம்பும்போது சொல்லாதீர்கள். அந்தப் பேச்சுக்கு ஆகும் நேரத்தை வேலை நேரத்துக்குள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் இரண்டு பேர் முடிவெடுப்பவர்கள் என்றால் இருவரும் இருங்கள். ஒருவர் ஒன்று சொல்லி மற்றவர் அதை மாற்றிச் சொல்வது, குறைந்த ஊதியத்தைவிட அதிகமாக அவரைக் குழப்பும்.

சொல்ல வேண்டியவை நான்கு: பள்ளி தொடங்கும் தேதி, வேலை நிற்கப்போவதில்லை என்பது, நீங்கள் யோசித்திருக்கும் ஏற்பாடுகள், ஊதியம் எவ்வளவு மாறும் என்ற தொகை. தொகையைச் சொல்லக் கூச்சப்பட்டு, "கொஞ்சம் குறையும்" என்று நிறுத்திவிட்டால், வீட்டுக்குப் போய் இரவு முழுதும் அவர் தம் கணக்கைத் தாமே போட்டுக்கொண்டிருப்பார். இரண்டு அல்லது மூன்று ஏற்பாடுகளை அட்டவணையாக எழுதி அவர் கையில் கொடுங்கள். அவர் படிக்கப் பழகாதவர் என்றால் நிதானமாகப் படித்துச் சொல்லி, அவருடைய வீட்டில் நம்பிக்கையானவரிடம் காட்டட்டும் என்று தாளை அவரிடமே விட்டுவிடுங்கள். ஒரு வாரமாவது அவகாசம் கொடுங்கள்.

எங்கள் வீட்டில் அந்த ஒரு வாரம் கழித்து அக்கா ஒரு கேள்வி கேட்டார்: "வெள்ளிக்கிழமை வேற வீட்ல ஒத்துக்கிட்டா, பள்ளிக்கூடம் லீவு விடும்போது என்னம்மா பண்றது?" எங்கள் இருவருக்கும் அது தோன்றவே இல்லை. பள்ளி விடுமுறையில் அந்த நாளும் எங்களுக்கு வேண்டும், ஆனால் அவர் அதற்குள் இன்னொரு குடும்பத்துக்கு வாக்குக் கொடுத்திருப்பார். குறைத்த நாளை உங்கள் வசதிக்குத் திரும்பக் கேட்கும் உரிமை உங்களுக்கு இல்லை. இதைப் பேச்சிலேயே தீர்த்துக்கொள்ளுங்கள். எட்டாம் படியில் விரிவாகச் சொல்கிறேன்.

மற்றொரு குடும்பத்தை நீங்களே தேடிக் கொடுக்க முடிந்தால் அது பெரிய உதவி. அதே பள்ளியில் பிள்ளையைச் சேர்க்கும் பெற்றோர், அருகில் கைக்குழந்தை வைத்திருப்பவர்கள் ஆகியோரிடம் அவருடைய சம்மதத்தோடு கேட்டுப் பாருங்கள். பேரம் பேசும் பொறுப்பை அவரிடமே விட்டுவிடுங்கள். நீங்கள் கொடுக்கும் ஊதியத்தை அந்தக் குடும்பத்துக்கு நீங்களாகச் சொல்ல வேண்டாம்.

5. திருத்தக் கடிதம் எழுதிக் கையெழுத்திடுங்கள் (6 வாரங்கள் முன்பு)

புதிதாக ஒப்பந்தம் போட வேண்டாம். புதிய ஒப்பந்தம் போட்டால், முந்தைய ஆண்டுகளின் பணித் தொடர்ச்சி அறுந்துவிட்டதாகப் பின்னால் ஒரு கேள்வி வரலாம். பழைய ஒப்பந்தத்துக்கு ஒரு பக்கத் திருத்தக் கடிதம் போதும். நாங்கள் எழுதியதன் சாரம் இது:

"எங்கள் வேலை ஒப்பந்தத்தில் வேலை நேரம், ஊதியம் ஆகிய இரு பிரிவுகளை மட்டும் இருவரின் சம்மதத்தோடு மாற்றுகிறோம். குறிப்பிட்ட தேதி முதல் வேலை நாட்கள் திங்கள் முதல் வியாழன் வரை, காலை 8.30 முதல் மாலை 5.30 வரை, வாரத்துக்கு 36 மணி நேரம். மணிநேர ஊதியத்தில் மாற்றம் இல்லை. பிள்ளை பள்ளியில் இருக்கும் நேரமும் வேலை நேரமே. பள்ளி திடீரென மூடப்பட்டாலும் ஊதியம் குறையாது. முதலில் வேலையில் சேர்ந்த தேதி முதல் பணித் தொடர்ச்சி அப்படியே நீடிக்கும். இதுவரை சேர்ந்த விடுப்பு நாட்கள் குறையாது. மூன்று மாதம் கழித்து இருவரும் இந்த ஏற்பாட்டை மறுபடி பார்ப்போம். மற்றப் பிரிவுகள் மாறவில்லை."

அதில் தேதிகளையும் தொகையையும் விடுப்பு எண்ணிக்கையையும் வெற்றிடம் இல்லாமல் நிரப்புங்கள். இரண்டு பிரதி எடுத்து, இரண்டிலும் இருவரும் கையெழுத்திட்டு, ஆளுக்கொன்று வைத்துக்கொள்ளுங்கள்.

விடுப்புக் கணக்கைக் கவனமாகப் போடுங்கள். வாரம் 5 நாள் வேலைக்கு ஆண்டில் 20 நாள் விடுப்பு என்றால் அது 4 வாரம். வாரம் 4 நாளுக்கு 16 நாள் கொடுத்தால் அதுவும் 4 வாரமே. மாற்றம் ஆண்டின் நடுவில் வந்தால், முதல் ஆறு மாதத்துக்குப் பழைய கணக்கில் 10, அடுத்த ஆறு மாதத்துக்குப் புதிய கணக்கில் 8, ஆக 18 நாள். முழு ஆண்டுக்கும் 16 என்று எழுதிவிட்டால், அவர் ஏற்கெனவே உழைத்துச் சேர்த்த விடுப்பை நீங்கள் எடுத்துக்கொண்டதாகும்.

மாற்றத்தைச் சமூகப் பாதுகாப்பு, காப்பீடு, வரி தொடர்பான இடங்களில் தெரிவிக்க வேண்டுமென்றால், அதே வாரத்தில் தெரிவித்து ரசீதை வாங்கி வையுங்கள். சம்பளச் சீட்டில் புதிய நேரமும் புதிய தொகையும் முதல் மாதத்திலிருந்தே சரியாக வர வேண்டும். வேலை நேரத்தைத் தினமும் குறித்துவைக்கும் ஒரு சிறிய குறிப்பேட்டையும் தொடங்குங்கள். 189ஆம் எண் உடன்படிக்கையோடு வந்த 201ஆம் எண் பரிந்துரையும், கூடுதல் நேரம் உட்பட வேலை நேரத்தைச் சரியாகப் பதிவு செய்து, அதைப் பணியாளர் தாராளமாகப் பார்க்கும்படி வைக்க வேண்டும் என்கிறது. அடுக்களை மேசையில் கிடக்கும் குறிப்பேடே அதற்குப் போதும்.

வீட்டிலேயே தங்கி வேலை பார்ப்பவர் என்றால் இன்னும் எச்சரிக்கை வேண்டும். வேலை நேரம் குறைந்தது என்று எழுதிவிட்டு, ஓய்வு நேரத்தில் "சும்மா ஒரு நிமிடம் பிள்ளையைப் பிடியுங்கள்" என்று கேட்டுக்கொண்டே இருந்தால், ஊதியம் மட்டுமே குறைந்திருக்கும். அவருடைய வேலையற்ற நேரத்தைக் கடிதத்தில் மணிக் கணக்கோடு எழுதுங்கள். அந்த நேரத்தில் அவர் வெளியே போகலாம் என்பதையும் எழுதுங்கள்.

6. பள்ளியில் அவருடைய பெயரைப் பதியுங்கள் (2 வாரங்கள் முன்பு)

இதை நாங்கள் மறந்தோம். மூன்றாம் நாள், அவசர வேலையில் நாங்கள் சிக்கிக்கொண்டதால் அக்காவை அனுப்பினோம். பெயர் பட்டியலில் இல்லை என்று வாசலிலேயே அவரை நிறுத்திவிட்டார்கள். அவர்கள் செய்தது முற்றிலும் சரி. ஆனால் மகள் கண்ணாடிக் கதவுக்கு உள்ளே பையை மாட்டிக்கொண்டு, தன்னை அழைத்துப்போக வந்தவரைப் பார்த்துக்கொண்டே நாற்பது நிமிடம் நின்றாள். மூன்று ஆண்டுகள் அவளைத் தூக்கி வளர்த்தவர், தாம் யார் என்று நிரூபிக்க முடியாமல் வெளியே நின்றார். நான் போய்ச் சேர்ந்தபோது இருவர் கண்ணிலும் நீர்.

பள்ளிக்குக் கொடுக்க வேண்டியவை:

- பிள்ளையை அழைத்துச் செல்ல அனுமதி பெற்றவர் பட்டியலில் பராமரிப்பாளரின் பெயர், கைப்பேசி எண், புகைப்படம், அடையாள அட்டையின் நகல். நகல் கொடுக்க அவருடைய சம்மதத்தை முதலில் கேளுங்கள்.
- அவசரத் தொடர்பு வரிசையில் அவருடைய இடம். எந்த நாட்களில், எந்த நேரத்தில் அவர் வேலையில் இல்லை என்பதையும் குறிப்பிடுங்கள். இல்லாவிட்டால் வெள்ளிக்கிழமை இன்னொரு வீட்டில் இருப்பவரைப் பள்ளி அழைத்துக்கொண்டிருக்கும்.
- தடுப்பூசிப் பதிவேட்டின் நகல், ஒவ்வாமை விவரம், மருந்து கொடுக்க அனுமதிக் கடிதம்.

பள்ளி தொடங்கும் முன் ஒரு நாள் அவரையும் உடன் அழைத்துப்போய், ஆசிரியரிடம் அறிமுகப்படுத்துங்கள். பிள்ளை எப்போது சோர்வாள், கழிப்பறைக்குப் போக வேண்டும் என்பதை எப்படிச் சொல்வாள் என்பதெல்லாம் பல வீடுகளில் பெற்றோரைவிட அவருக்கே நன்றாகத் தெரியும்.

7. முதல் நான்கு வாரம் எதையும் குறைக்காதீர்கள்

பள்ளி தொடங்கும் நாளிலேயே நேரக் குறைப்பையும் தொடங்குவது பெரிய பிழை. முதல் ஒன்றிரண்டு வாரம் புதிய பிள்ளைகளை ஒரு மணி நேரம், ஒன்றரை மணி நேரம் என்றுதான் வைத்திருப்பார்கள். அழுகை நிற்காவிட்டால் அழைத்துப் போகச் சொல்லித் தொலைபேசி வரும். பகல் தூக்கம் மாறும், சாப்பாடு குறையும், வீட்டுக்கு வந்ததும் காரணமில்லாமல் அழுகை வரும். பள்ளி புதிது, வீட்டில் தினமும் இருந்தவரும் குறைந்துவிட்டார் என்று இரண்டு மாற்றங்களை ஒரே வாரத்தில் ஒரு மூன்று வயதுப் பிள்ளையின் மேல் ஏற்ற வேண்டாம். நேரக் குறைப்பு ஐந்தாம் வாரத்தில் தொடங்கும் என்று கடிதத்திலேயே எழுதிவிடுங்கள். எங்கள் கணக்கில் இதற்காகக் கூடுதலாக ஆன செலவு 4 வாரத்துக்கு 3,600. அதைப் பள்ளிச் செலவின் ஒரு பகுதியாகவே முதலிலேயே ஒதுக்கி வையுங்கள்.

8. விடுமுறைக்கும் நோய்க்கும் முன்கூட்டியே விதி எழுதுங்கள்

விடுமுறை வாரங்களுக்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, ஆண்டு முழுதும் ஒரே ஊதியம், அதாவது பள்ளி வாரங்களின் நேரத்தையும் விடுமுறை வாரங்களின் நேரத்தையும் கூட்டிச் சராசரி எடுத்து மாதம்தோறும் அதையே கொடுப்பது. எங்கள் எண்களில், 40 வாரத்துக்கு 36 மணி நேரம் என்பது 1,440, 12 வாரத்துக்கு 45 மணி நேரம் என்பது 540, மொத்தம் 1,980, மாதத்துக்கு 165 மணி நேரம். மற்றது, பள்ளி வாரத்துக்கு ஒரு தொகை, விடுமுறை வாரத்துக்கு ஒரு தொகை. மாதாமாதம் வாடகையும் கடனும் கட்டுபவருக்கு முதல் வழியே நிம்மதி. ஆனால் அவர் இடையில் வேலையை விட்டால், உழைத்த நேரத்தையும் கொடுத்த தொகையையும் ஒப்பிட்டுத் தீர்க்க வேண்டியிருக்கும். அதை எப்படித் தீர்ப்பது என்றும் ஒரு வரி எழுதுங்கள்.

அவர் வெள்ளிக்கிழமைக்கு வேறு வீட்டை ஒப்புக்கொண்டிருந்தால் முதல் வழி பொருந்தாது. நாங்கள் அந்த 12 வெள்ளிக்கிழமைகளில் சிலவற்றை எங்கள் விடுப்பிலும், சிலவற்றை உறவினர் உதவியிலும் சமாளித்தோம். நாட்காட்டியை ஆண்டுத் தொடக்கத்திலேயே அவரிடம் கொடுத்ததால், மூன்று நாட்களை அவர் அந்தக் குடும்பத்தோடு பேசி மாற்றிக் கொடுத்தார். அவரால் முடிந்தபோது கேட்டோம், முடியாது என்றபோது விட்டுவிட்டோம்.

நோய் பற்றி: சிறு பிள்ளைகளுக்கு ஆண்டில் 6 முதல் 8 முறை சளி பிடிப்பது இயல்பு. கூட்டமாகப் பிள்ளைகள் இருக்கும் இடத்துக்குப் போகத் தொடங்கும் முதல் ஆண்டில் அது இன்னும் கூடும். வெறும் சளிக்குப் பள்ளி தடை சொல்லாமல் இருக்கலாம். ஆனால் 38 டிகிரி செல்சியஸுக்கு மேல் காய்ச்சல் வந்தால், மருந்து கொடுக்காமலேயே 24 மணி நேரம் காய்ச்சல் இல்லாமல் இருந்த பிறகே சேர்த்துக்கொள்வோம் என்பது பல பள்ளிகளின் விதி. சின்னம்மை என்றால் கொப்புளங்கள் எல்லாம் காய்ந்து பொருக்கு கட்டும்வரை அனுப்ப முடியாது. பராமரிப்பாளர் பணியில் இருக்கும் நாட்களில் முழு நேரத்துக்கும் ஊதியம் கொடுத்துவைப்பதன் அருமை அப்போதுதான் தெரியும். அவர் பணியில் இல்லாத நாளில் பிள்ளைக்கு நோய் வந்தால் அது பெற்றோரின் விடுப்பு. அவரை அழைக்கலாம், வந்தால் கூடுதல் நேர ஊதியம், வராவிட்டால் வருத்தம் காட்டக் கூடாது. தொற்றுள்ள பிள்ளையைப் பார்த்து அவருக்கே உடல்நலம் கெட்டால், அந்த நாட்களுக்கு ஊதியத்தோடு விடுப்பு என்பதையும் கடிதத்தில் சேருங்கள்.

9. அவர் ஒப்புக்கொள்ளாவிட்டால்

குறைந்த ஊதியத்தில் தம்மால் குடும்பம் நடத்த முடியாது என்று அவர் சொல்லலாம். அதைப் பிடிவாதமாக எடுத்துக்கொள்ளாதீர்கள், கையெழுத்துக்காக வற்புறுத்தவும் வேண்டாம். மணிநேர ஊதியத்தைச் சற்று உயர்த்தி இடைவெளியைக் குறைக்க முடியுமா என்று பாருங்கள். 36 மணி நேரத்துக்கு மணிக்கு 110 கொடுத்தால் வாரத்துக்கு 3,960 ஆகும், 900 ஆக இருந்த இழப்பு 540 ஆகக் குறையும். அதுவும் இயலாதென்றால், அவர் முழு நேர வேலை தேடிக்கொள்ள அவகாசம் கொடுத்து, அதுவரை பழைய நேரத்திலும் பழைய ஊதியத்திலும் தொடருங்கள். நேர்முகத்துக்குப் போக வேண்டிய நாட்களில் ஊதியம் பிடிக்காமல் அனுப்புங்கள்.

அவர் கிளம்பும் நிலை வந்தால், முன்னறிவிப்புக் காலத்தின் ஊதியம், எடுக்காத விடுப்புக்கான தொகை, பணி முடிவில் சட்டப்படி சேர வேண்டியவை ஆகியவற்றைப் பழைய முழு நேர ஊதியத்தில் கணக்கிட்டு, கடைசி நாளுக்கு முன்பே கொடுத்துவிடுங்கள். கூடவே ஓர் அனுபவச் சான்றிதழும் கொடுங்கள். பணியில் சேர்ந்த தேதி, பிள்ளையின் வயது, வார வேலை நேரம், செய்த பணிகள், பிள்ளை பள்ளியில் சேர்வதால் தேவை குறைந்தது என்ற காரணம், உங்கள் தொலைபேசி எண் ஆகியவை அதில் இருக்கட்டும். காரணத்தை எழுதாமல் விட்டால், அடுத்த வீட்டில் ஏன் நீக்கினார்கள் என்று அவரைத்தான் கேட்பார்கள்.